டெம்பர் போகாத பூச்சு



என் மூடிய கைக்குள் ஒரு பொருள் இருக்கிறது. என்ன என்று இப்போது சொல்லப்போவதில்லை. கொஞ்ச நேரம் போகட்டும், உங்கள் கைக்கே தருகிறேன்.

கோவில்பட்டி உரசிப் பிழைக்கிற ஊர். வம்பை வளர்க்கிற உரசலைச் சொல்லவில்லை, தீப்பெட்டியைச் சொல்கிறேன். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ், இரண்டிலும் கொஞ்சம் கண்ணாடித் தூள். கண்ணாடித் தூள் எதற்கு? வழுக்காமல் உரசுவதற்கு. உரசினால் சூடு, சூட்டினால் தீ, தீயினால் நம் வீட்டு அடுப்பில் சோறு. உரசல் நமக்கு லட்சுமி.

இதே ஊரில் இன்னொரு தொழில் உண்டு. அதற்கு உரசல் மூதேவி. அதுதான் மில். லாயல் மில், லட்சுமி மில் என்று மில் பேரைச் சொல்லியே வழி சொன்ன ஊர் இது. மில் சங்கைக் கேட்டு அடுப்பில் உலை வைத்த வீடுகள் இங்கே ஆயிரம். அந்த மில்லுக்குள் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டே இருக்கிறது. உரசினால் சூடு, சூட்டினால் தேய்மானம், தேய்மானத்தினால் நூல் அறும்.

தீப்பெட்டி ஆபீஸில் உரசலை விற்கிறோம். மில்லில் உரசலோடு சண்டை போடுகிறோம். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தச் சண்டையைப் பற்றித்தான். இரும்பின் மேல், இரும்பைவிடக் கடினமான ஒரு மெல்லிய பூச்சைப் போடுவது எப்படி? அதை ஏன் அதிகச் சூடு காட்டாமல் போட வேண்டும்? இவ்வளவுதான் விஷயம். இதற்குள் வேதியியல் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, நம் ஊர்க் கொல்லாசாரியும் இருக்கிறார். அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சின்ன வயதில் உலைக்களத்துப் பக்கம் போனால் நான் வீடு திரும்ப நேரமாகும். ஆசாரி அரிவாளைக் காய்ச்சி அடிப்பார். செக்கச் செவேல் என்று இருக்கிற அரிவாளை முழுதாகத் தண்ணீரில் போடமாட்டார். வாய்ப் பக்கத்தை மட்டும் தோய்ப்பார். சுர்ர் என்று ஒரு சத்தம். அதுதான் துவைச்சல். உடனே எடுத்து, வாயை ஒரு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். என்ன பார்க்கிறார்? நிறம் பார்க்கிறார். அரிவாளின் முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப் பக்கம் இறங்கும். இறங்க இறங்க நிறம் மாறும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வைக்கோல் நிறத்தில் இன்னொரு முறை தண்ணீர் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. கொஞ்சம் அசந்து நீலம் ஓடிவிட்டதா? “போச்சு ராசா, இது இனிமே கீரைதான் அறுக்கும்” என்று திரும்ப உலையில் போட்டுவிடுவார்.

அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது. வைக்கோல் நிறம் என்றால் ஏறத்தாழ 220 டிகிரி, நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி என்று புத்தகத்தில் பின்னால் படித்தேன். எண்பது டிகிரி வித்தியாசத்தில் ஓர் அரிவாள் பிழைக்கிறது அல்லது கெடுகிறது. அந்த எண்பது டிகிரியைக் கண்ணால் அளந்த மனிதர் அவர்.

உள்ளே என்ன நடக்கிறது? உருக்கு என்பது இரும்போடு கொஞ்சம் கரி சேர்ந்தது. சிவக்கக் காய்ச்சித் திடீரென்று குளிரவைத்தால் கரி அணுக்கள் ஒதுங்க நேரமில்லாமல் இரும்பு அணுக்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். செண்பகவல்லியம்மன் கோயில் தேர்க்கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் நிலைமைதான். கையையும் காலையும் அசைக்க முடியாது. அந்த நெருக்கடிதான் உருக்கின் கடினம். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையும். அதனால் கொஞ்சம் சூடு காட்டி, நெருக்கடியைக் கொஞ்சம் தளர்த்துகிறோம். இதற்குத்தான் டெம்பர் பண்ணுவது என்று பெயர். எந்த டிகிரியில் டெம்பர் பண்ணினோமோ, அதற்கு மேல் அந்த உருக்கு ஒருநாளும் சூடாகக் கூடாது. சூடானால் கூட்டம் கலைந்துவிடும், கடினமும் கூடவே கலைந்துவிடும். பட்டறையில் நாம் சொல்கிற “டெம்பர் போயிருச்சு” என்ற ஒரு வாக்கியத்துக்குள் இவ்வளவு கதை இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. இப்படிப் பாடுபட்டு டெம்பர் பண்ணிய உருக்கின் மேல் ஒரு கடினப் பூச்சைப் போட, அதை மறுபடி உலையில் வைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று பாடம் படித்தவன் நான். முன்பு நான் பிட்டராக இருந்த ஒரு மில்லில், கேம் மேல் உருளுகிற சிறு உருளைகள் சீக்கிரம் சீக்கிரம் தேய்ந்துகொண்டிருந்தன. பட்டறையில் ஈ.என். 31 என்று கேட்டு வாங்குவோமே, பேரிங் செய்கிற உருக்கு, அதில் செய்தவை. வேறு ஊரில் ஒரு கூடத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூசித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பெட்டி அனுப்பினோம். திரும்பி வந்தபோது மில்லே கூடிப் பார்த்தது. தங்கம்! ஒவ்வோர் உருளையும் மோதிரம் மாதிரி மின்னியது. மாட்டினோம். கொஞ்ச நாளில் தங்கம் உரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. உருளையே பள்ளம் விழுந்து கிடந்தது. பூச்சு போடாத பழைய உருளை இதைவிட அதிக நாள் ஓடியிருந்தது. ராக்வெல் மெஷினில் வைத்துப் பார்த்தால், 60-க்கு மேல் இருக்க வேண்டிய கடினம் 50-ஐ ஒட்டி நிற்கிறது.

காரணம் சுலபம். டைட்டானியம் நைட்ரைடை வழக்கமாகப் பூசுவது 400 முதல் 500 டிகிரியில். லேத்தில் பிடிக்கிற ஹை ஸ்பீடு ஸ்டீல் டிரில்லுக்கு அது ஒன்றும் செய்யாது, அது 550 டிகிரியில் டெம்பர் ஆனது. ஆனால் பேரிங் உருக்கை டெம்பர் பண்ணுவது 160 முதல் 200 டிகிரிக்குள். நாங்கள் அதை 450-க்கு அனுப்பி வேகவைத்து வாங்கியிருக்கிறோம். எந்த உருக்கு என்று நாங்கள் எழுதி அனுப்பவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆசாரி பார்த்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பார்க்க வேண்டிய நீலத்தைத் தங்கம் மூடிவிட்டதே!

கையைத் திறக்கிறேன். இதோ. பின்வரிசைக்குத் தெரியாது, முன்வரிசைக்கே தெரிந்தால் அதிசயம். இதுதான் டிராவலர். மில் அண்ணாச்சிமாருக்கு இது தினசரிப் பழக்கம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரிங் ஃபிரேமில் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் சுற்றி ஓர் இரும்பு வளையம் இருக்கும், அது ரிங். அந்த ரிங்கின் விளிம்பைக் கவ்விக்கொண்டு, நூலால் இழுபட்டு ஓடுகிற கொக்கிதான் டிராவலர். நூலுக்கு முறுக்கு ஏற்றுவதும் அதைக் கண்டில் சுற்றவைப்பதும் இதன் வேலை. நாற்பதாம் நம்பர் நூலுக்குப் போடுகிற டிராவலர் ஏறத்தாழ 35 மில்லிகிராம். ஆயிரம் டிராவலரை அள்ளித் தராசில் வைத்தால் 35 கிராம்தான் வரும்.

கணக்குப் போடுவோம், தம்பிகளே. ரிங்கின் குறுக்களவு 38 மில்லிமீட்டர். ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 18,000 சுற்று. டிராவலர் ஓடும் வேகம் என்ன? நொடிக்குக் கிட்டத்தட்ட 36 மீட்டர். மணிக்கு 129 கிலோமீட்டர்! நம் ஸ்டேஷனைக் கடந்து போகிற எக்ஸ்பிரஸ் ரயிலை இது முந்தும். ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 3,000 கிலோமீட்டருக்கு மேல். பதின்மூன்று நாளில் பூமியை ஒரு முறை சுற்றிய தூரம். எங்கே சுற்றுகிறது? 38 மில்லிமீட்டர் வளையத்துக்குள்!

இன்னும் இருக்கிறது. சுற்றுகிற வேகத்தில் அது வெளிப்புறமாகத் தன் எடையைப்போல் ஏறக்குறைய 7,000 மடங்கு அழுத்துகிறது. ஒன்றிரண்டு அரிசி எடை உள்ள இந்தக் கொக்கி கால் கிலோ கனத்தோடு ரிங்கில் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. எண்ணெய் விடலாமா? விட்டால் நூல் கறையாகும். எண்ணெய் இல்லாமல், இரும்பின் மேல் இரும்பு. உரசும் புள்ளியில் சூடு 300 டிகிரியைத் தாண்டும்.

பிறகு எப்படித்தான் ஓடுகிறது? பஞ்சுதான் காப்பாற்றுகிறது. நூலிலிருந்து உதிரும் நார்த்துணுக்குகள் ரிங்குக்கும் டிராவலருக்கும் நடுவே நசுங்கி, பஞ்சில் இயற்கையாக இருக்கும் மெழுகோடு சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகிவிடும். அந்தப் படலம்தான் எண்ணெய்க்குப் பதில். புது ரிங் மாட்டினால் உடனே முழு வேகம் வைக்காமல் கொஞ்ச நாள் பழக்குகிறார்களே, அந்தப் படலம் படியட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். 1901 முதல் நம் ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பருத்தியைப் பற்றி என்னவெல்லாமோ ஆராய்ந்திருக்கிறார்கள். பருத்தி ஓர் எண்ணெய் என்பது மில்காரர்கள் கண்ட ஆராய்ச்சி. (இப்போது மில்லில் ஓடுவது பெரும்பாலும் வெளிமாநிலப் பஞ்சு. நம் கருங்கண்ணிப் பருத்திக்கு அந்தப் பாக்கியம் குறைந்துபோனது. அது வேறொரு கூட்டத்தில் பேச வேண்டிய துக்கம்.)

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரிங் பல வருஷம் உழைக்க வேண்டும். டிராவலரைச் சில வாரத்தில் கழற்றி எறிந்துவிடுவோம். அதனால் டிராவலரை ரிங்கைவிடக் கடினம் குறைந்ததாகச் செய்கிறார்கள். உரசல் என்று வந்தால் ஒருவர் தேய்ந்தே ஆக வேண்டும். யார் தேய்வது என்பதை மட்டும் நாம் முன்கூட்டியே முடிவு செய்யலாம். மலிவானது தேயட்டும், விலை கூடியது நிற்கட்டும். கடினப் பூச்சின் மொத்த சாமர்த்தியமும் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

நல்ல ரிங்கை எதில் செய்கிறார்கள்? அதே பேரிங் உருக்கில். எங்கள் உருளை கெட்டுப்போன அதே உருக்கில்! அதன் மேல் கடினப் பூச்சும் போடுகிறார்கள். டெம்பர் போகவில்லையே, எப்படி? அது ஹார்டு குரோம். குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சிப் படியவைப்பது. லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். தொட்டியின் சூடு எவ்வளவு? 55 டிகிரி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வெந்நீரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உருக்குக்கு இது சூடே இல்லை. ஆனால் படிகிற குரோமியம் விக்கர்ஸ் என்ற கடின அளவில் 900, 1,000 என்று நிற்கும்.

இந்தத் தொட்டி வித்தைக்கென்றே நமக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மழை பெய்யாத சீமையில் மின்சாரத்தால் உலோகம் முளைக்கவைக்கிற நிலையம். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு நாளாவது போய்ப் பார்க்க வேண்டும்.

ஹார்டு குரோமை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறீர்களா? முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்திரை மாதத்துக் கரிசல்காடு! அதே வெடிப்பு, அதே வலை. படியும்போதே குரோமியம் சுருங்க முயலும், சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். ஈரம் போன கரிசல் வெடிக்கிற அதே நியாயம். நம் காட்டு வெடிப்பு முதல் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். குரோம் வெடிப்பு எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்டன் ரிங்கில் அதனால் லாபம். ஆனால் அந்த வெடிப்பு வழியே ஈரம் அடிவரை இறங்கினால் துரு பிடிக்கும், அதனால் நஷ்டம்.

நஷ்டக் கணக்கையும் மறைக்கக் கூடாது. தொட்டியில் விடுகிற மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட குரோமியம் படியவைக்கப் போவதில்லை. மிச்சம் ஹைட்ரஜனாகக் கொப்புளிக்கிறது. அந்த ஹைட்ரஜன் கடினமான உருக்குக்குள் புகுந்தால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நொறுங்கவைக்கும். அதனால் தொட்டியிலிருந்து எடுத்ததும் ஏறக்குறைய 190 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை விரட்ட வேண்டும். 160-ல் டெம்பர் ஆன உருக்காக இருந்தால்? 190-க்குப் போகாதீர்கள். அதற்குக் கீழேயே வைத்து, நேரத்தைக் கூட்டுங்கள்.

அடுத்தது விஷம். தொட்டியில் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம். புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சக்கணக்கான டன், மலை மாதிரி. மழை பெய்தால் மஞ்சள் நீர் ஓடியது. அங்கே செய்தது தோல் பதனிடுகிற தொழிலுக்கான ரசாயனம், ஆனாலும் குரோமியம் குரோமியம்தான். ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைத் தொட முடியாது. எங்கேயோ குரோம் ஷாப் வைத்திருக்கிற தம்பி இந்தக் கூட்டத்தில் இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. கழுவுகிற தண்ணீரை ஓடையில் விடாதே, அவ்வளவுதான் சொல்கிறேன். நம் ஓடையில் தண்ணீர் வருவதே வருஷத்தில் நாலு நாள்.

தொட்டி வேண்டாம், சூடும் வேண்டாம் என்றால் வேறு வழி? இருக்கிறது. அதை விளக்க எருவாட்டியைத்தான் கூப்பிட வேண்டும். சுவரில் எருவாட்டி தட்டுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறீர்கள். சாணியைச் சுவரில் மெதுவாக வைத்தால் ஒட்டுமா? விழுந்துவிடும். ஓங்கி அறைந்தால் ஒட்டும். தீ மூட்டவில்லை, பசை தடவவில்லை. வேகம்தான் பசை. அறைவதற்கு முன்னால் சுவரில் தூசி தட்ட வேண்டும், அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

வெற்றிடப் பூச்சில் நடப்பது இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய அண்டாவுக்குள் பாகங்களைத் தொங்கவிடுகிறார்கள். பாகத்துக்கு எதிர்மின் கொடுக்கிறார்கள். ஆர்கான் வாயுவை மின்னேற்றி அதன் மேல் மோதவிட்டால் கழுவிய பிறகும் ஒட்டியிருக்கும் மெல்லிய அழுக்கும் துருப் படலமும் உதிரும். அது சுவர் தட்டுவது. பிறகு பூச வேண்டிய அணுக்களை மின்னேற்றிவிட்டால் அவை பாய்ந்து வந்து அறையும். அது எருவாட்டி. பழைய முறையில் வாயுவிலிருந்து வேதிவினை மூலம் டைட்டானியம் கார்பைடு படியவைக்க 1,000 டிகிரி தேவை. அந்த முறையில் சூடு செய்த வேலையை இங்கே மோதுகிற வேகம் செய்கிறது. அதனால்தான் சூட்டைக் குறைக்க முடிந்தது. 1,000 என்பது 450 ஆனது, 450 என்பது 200 ஆனது.

அந்த 200-க்கும் கீழே வருகிற பூச்சுகளில் எனக்குப் பிடித்தது கரிப் பூச்சு. வைரம் போன்ற கரி என்று பெயர். 1971-ல் அமெரிக்காவில் ஐசன்பெர்க், ஷபோ என்ற இருவர் செய்து காட்டினார்கள். அசிட்டிலீன் தெரியுமில்லையா, வெல்டிங் கடையில் எரிக்கிற அதே வாயு. அதை வெற்றிடத்தில் மின்னேற்றினால் கரி பிரிந்து பாகத்தின் மேல் கறுப்பாகப் படியும். பாதி வைரத்தின் குணம், பாதி பென்சில் முனையின் குணம். வைரத்தால் கடினம், பென்சிலால் வழுக்கல். கரி உள்ளே மாட்டினால் உருக்கு, மேலே படிந்தால் பூச்சு. கரிசல்காட்டில் பிறந்தவனுக்குக் கரி மேல் ஒரு பாசம் இருக்காதா?

இன்றைக்கு டீசல் வண்டி இன்ஜெக்டர் ஊசியில் இந்தப் பூச்சு இருக்கிறது. சவரக் கத்தியில் இருக்கிறது. “அப்படியானால் இந்த டிராவலருக்கும் பூசிவிடலாமே?” என்று ஒரு தம்பி கேட்க வாயெடுக்கிறார். அவசரப்படாதே. டிராவலர் உரசும் புள்ளியில் 300 டிகிரி என்று சொன்னேனே? சாதாரணக் கரிப் பூச்சுக்கு அந்தச் சூடு ஆகாது. வைர குணம் போய், பென்சில் குணம் மட்டும் மிஞ்சும். பூசுகிற சூடு ஒரு கணக்கு, ஓடுகிற சூடு இன்னொரு கணக்கு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பூச்சுகளின் கனம் இரண்டு, மூன்று மைக்ரான். தலைமுடியே எழுபது மைக்ரான் இருக்கும். இவ்வளவு மெல்லியதைச் சாதா இரும்பின் மேல் போட்டு, “இனி தேயாது” என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மழை விட்டு மூன்றாம் நாள் கரிசல்காட்டுக்குள் போயிருக்கிறீர்களா? மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்திருக்கும். காளை நம்பிக் கால் வைக்கும். அடியில் சேறு. பொருக்கு உடைந்து முழங்கால் வரை இறங்கிவிடும். பொருக்கில் குற்றமில்லை. தாங்க அடியில் தரை இல்லை. எங்கள் தங்க உருளைக்கு நடந்ததும் அதேதான். பூச்சு 2,000 விக்கர்ஸ், அடியில் டெம்பர் போன உருக்கு, அதாவது சேறு.

ஆகவே லேத்துக்காரத் தம்பிகளே, அடுத்த முறை பூச்சுக்கு அனுப்பும்போது டெலிவரி சலானில் மூன்று வரி கூடுதலாக எழுதுங்கள். என்ன உருக்கு. எத்தனை டிகிரியில் டெம்பர் ஆனது. இப்போது கடினம் எவ்வளவு. பூசுகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “உங்கள் அண்டாவில் என் பாகம் எத்தனை டிகிரிக்குப் போகும்?” அவர் சொல்லும் எண் உங்கள் டெம்பர் எண்ணுக்கு இருபது, முப்பது டிகிரியாவது கீழே இருக்க வேண்டும். அதே கம்பியில் வெட்டி, அதே உலையில் துவைச்சல் விட்ட ஒரு துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் பாகத்தை மாட்டுவதற்கு முன்னால் அந்தத் துண்டை ராக்வெல்லில் வையுங்கள். எண் இறங்கியிருந்தால், எவ்வளவு மின்னினாலும் மாட்டாதீர்கள்.

இந்த டிராவலரையும், குரோம் பூசிய ஒரு பழைய ரிங்கையும், ஒரு பூதக்கண்ணாடியையும் இப்போது முன்வரிசையில் கொடுக்கிறேன். ரிங்கின் உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மங்கியிருக்கும், விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், தட்டும். டிராவலரைக் கையில் வாங்குகிறவர்கள் மின்விசிறிக்கு நேரே பிடிக்க வேண்டாம். தரையில் விழுந்தால் இந்த மண்டபத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. பின்வரிசை வரை போய்த் திரும்பி வரட்டும், நான் இங்கேயே நிற்கிறேன்.